தீபாவளி ஒழிக

“உங்கை பாருங்கோ, என்ரை பாவாடைத் துணி மார்க்கண்டண்ணையின்ரை முதுகிலை நிக்குது!”

பாலேஸ்வரி போட்ட சத்தத்தில் பிள்ளையார் கோயில் வாசலே திரும்பிப் பார்த்தது. தையற்காரர் மார்க்கண்டு போட்டிருந்த பழைய வெள்ளைச் சேட்டின் முதுகில் ‘தீபாவளி ஒழிக’ என்று கொட்டை எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு வீட்டுத் துணியில் வெட்டித் தைத்தது.

“நல்லநாளிலை கோயிலுக்குப் போட்டுவாற உடுப்பே இது?” என்றார் சோமசேகரம்.

“நரகாசுரன் ஒருக்காத்தான் செத்தவன், அண்ணை. நான் வருசா வருசம் உங்களுக்குத் தைச்சுத் தைச்சே சாகிறன். ஒரு கண்டனம் தெரிவிக்கக் கூடாதோ?”

கூட்டம் சிரித்தது. சோமசேகரமும் சிரித்தார். ‘ழி’ தன்னுடைய சேட்டுத் துணி என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

நாகேஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கடலுக்குப் போகிற கணவன் கால் முறிந்து வீட்டோடு கிடக்கிறான். கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பனுக்குத்தான் துணி என்றிருந்த காலம். கூப்பனில் பாதியை மருந்துக்காக விற்றுவிட்டு, மிச்சத்துக்கு நீலக் கட்டம் போட்ட துணி எடுத்து மார்க்கண்டரிடம் கொடுத்திருந்தாள். பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சட்டை வந்தது, அதுவும் சுருக்கு வைத்த சட்டை! விடியற்காலையில் அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு துள்ளியதைப் பார்த்து, அந்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டபடிதான் கோயிலுக்கு வந்திருந்தாள்.

“தாயின்ரை நகையிலையும் தட்டான் குண்டுமணிப் பொன் எடுப்பானாம். உம்மடை துணியை மட்டும் இவர் விட்டிருப்பாரே? வடிவாப் பாரும்,” என்று பாலேஸ்வரி மெல்லக் கொளுத்திப் போட்டாள்.

இல்லாதவளிடமும் எடுத்திருந்தால் பிறகு யாரைத்தான் நம்புவது? நாகேஸ்வரி மார்க்கண்டரைச் சுற்றி வந்தாள். முதுகு, கொலர், கைமடிப்பு ஒன்றையும் விடவில்லை.

“என்ன தங்கச்சி, பிள்ளையாரை விட்டிட்டு என்னைச் சுத்திக் கும்பிடுறாய்?”

எங்குமே நீலம் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாலேசக்கா, நல்லாப் பாத்திட்டன்! என்ரை துணியிலை அண்ணை கை வைக்கேல்லை. அண்ணை, நீங்கள் நல்லாயிருக்கோணும்!”

மார்க்கண்டருக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது. “சரி, சரி, பூசை தொடங்கப்போகுது,” என்று சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நழுவினார்.

அவருடைய மனைவி குணலட்சுமி, நாகேஸ்வரியின் கையைப் பிடித்து ஓரமாய் இழுத்தாள்.

“கை வைக்க உன்ரை துணியிலை என்ன பிள்ளை கிடந்தது? அது ஒரு சட்டைக்குத்தான் போதுமாயிருந்தது. எங்கடை கூப்பனுக்கும் அதே நீலக் கட்டம்தான் கிடைச்சது. தன்ரை சேட்டுக்கு எடுத்து வைச்சதை உன்ரை மற்றப் பெட்டைக்கு வெட்டிப்போட்டு, ‘ஏன் புதுச்சேட்டுப் போடேல்லை’ எண்டு ஒருத்தரும் கேக்கக் கூடாதெண்டுதான் அந்த மனிசன் உந்தக் கூத்தாடுது.”