உதட்டில் உட்கார்ந்த ஈ

"ஈ ஏன் சாச்சி ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குது? அதுக்கும் ஹக்கீம் மருந்து குடுப்பாரா?" என்று போன மாதம் கேட்ட சபியாவின் கீழுதட்டில் இப்போது ஓர் ஈ சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுவதற்கு அவள் கை எழவில்லை. கோட்டக்குப்பத்து வீட்டின் கூடத்தில், கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெயிலில், ஏழு வயதுப் பிள்ளை வாய் திறந்து சுவரில் சாய்ந்து கிடக்கிறாள். எச்சில் வழிந்து சட்டையை நனைக்கிறது. ஒரு நிமிஷம் சும்மா இராமல் ஓடுவது உடம்புச் சூட்டினால் என்று சொல்லி, திண்டிவனத்து ஹக்கீம் அபின் உருண்டை கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ரேஷன் சர்க்கரை போட்ட தேநீரை உறிஞ்சியபடி வேடிக்கை பார்க்கிறார்கள். "எம்மாம் பதவிசா ஆயிட்டா பாரு! இனிமே ஒனக்குப் பேஜாரு இல்ல" என்கிறாள் ஒருத்தி. "கண்ணு போடாதீங்க" என்று தாய் பூரிக்கிறாள். அந்தப் பூரிப்பைப் பார்க்காமல் சாச்சி ஹாஜிரா பீவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "ஹாஜிரா, சாயங்கால உருண்டைய ஜல்தியா குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, தாய் வந்தவர்களை வழியனுப்ப வாசலுக்குப் போகிறாள். கறுத்த உருண்டை ஹாஜிராவின் விரல்களில் பிசுபிசுத்து நாறுகிறது. அந்தக் கையில் முழங்கை வரைக்கும் தீத்தழும்பு. நோன்புக் கஞ்சி காய்ச்சிய அன்று அவள் முந்தானையில் நெருப்புப் பற்றியபோது, பெரியவர்கள் எல்லாரும் அலறிக்கொண்டு நின்றார்கள். சும்மா இருக்கத் தெரியாத இந்தப் பிள்ளைதான் தண்ணீர்ச் செம்போடு பாய்ந்து வந்தாள். ஹாஜிரா உருண்டையை அடுப்புச் சாம்பலில் புதைக்கிறாள். கையைத் தேய்த்துக் கழுவுகிறாள். ஈயை விரட்டி, வாயைத் துடைத்து, "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து, அதே அளவில் உருட்டிய கருப்பட்டியைச் சபியாவின் நாக்கில் வைக்கிறாள்.