நூறு போட்ட ஜெசிந்தா

ஜெசிந்தாவின் கணவன் அமலதாஸும் அவன் தம்பியும் மீன்பிடிக்கப் போன படகு விடிந்தும் வரவில்லை. ஜெசிந்தாவும் ஓரகத்தி மெர்சியும் துறைமுகத்தில் கணிப்புச் சொல்லும் இரண்டு பேசும் இயந்திரங்களிடம் ஓடினார்கள். அந்த இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது.

"இந்தக் காற்றில் நூறு படகு போனால் தொண்ணூற்றிரண்டு திரும்பும். உங்கள் ஒரு படகைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது," என்றது முதலாவது.

"இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தார்கள்?" என்று நொடித்தது மற்றது. "வருவார்கள் என்று நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள்? சொல்லுங்கள். செய்தி வரவரத் திருத்திக் காட்டுகிறேன்."

மெர்சி தன் திரையில் எண்பது போட்டாள். ஜெசிந்தா நூறு போட்டாள்.

"நூறு வேண்டாம்மா. அப்புறம் என்ன செய்தி வந்தாலும் என்னால் குறைக்க முடியாது," என்றது அது.

"அதுக்குத்தான் போட்டேன்."

கெட்ட செய்தி வரவர, மதியத்துக்குள் மெர்சியின் எண் பதினொன்றுக்கு இறங்கிவிட்டது; ஜெசிந்தாவின் நூறு அசையவில்லை.

"அக்கா, நானும் உங்க திரையையே பாத்துக்கிட்டு இருக்கவா?"

ஜெசிந்தா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

நாலு மணிக்கு, எஞ்சின் பழுதான அந்தப் படகை இன்னொரு படகு இழுத்து வந்தது. இயந்திரங்கள் இரண்டும் தத்தம் பேச்சுதான் சரி என்று சண்டையைத் தொடங்கின.

கரையில் கால் வைத்த அமலதாஸ் மனைவியின் திரையைப் பார்த்தான்.

"நூறா! எம்மேல அம்புட்டு நம்பிக்கையா?"

"நம்பிக்கையா? அம்புட்டு பயம்," என்றாள் ஜெசிந்தா.