வெறும் அட்டை

"கிழிச்சது நான்தான். வேணும்னுதான் கிழிச்சேன்."

நவமணி இப்படிச் சொன்னதும் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது.

அமிர்தலிங்கம் கையில் வெறும் அட்டை இருந்தது. அவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. மண்டபத்து நூலகமும் அவர் பொறுப்புதான். எழுபத்தாறில் ஈப்போவிலிருந்து நாற்பது சிறுவர் புத்தகங்களைத் தருவித்து, கண்ணாடி அலமாரியில் அடுக்கி, இரண்டு வருடமாகத் தூசி படாமல் காத்து வந்தவர். போன வாரம் நவமணி வாங்கிப் போன கதைப் புத்தகத்தில் அட்டை மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டால் போதும், இந்தத் தடவை விட்டுவிடலாம் என்றார் மண்டபத் தலைவர் வீரப்பன்.

"எதுக்குக் கேக்கணும்? இன்னொரு புத்தகம் குடுங்க, அதையும் கிழிப்பேன்."

கொழுந்து பறித்துக் கறை ஏறிய கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பேரேட்டில் அவள் பெயரை அடித்தார் அமிர்தலிங்கம். அப்படியும் ஆத்திரம் தீரவில்லை. தாள்களையாவது வாங்கி ஒட்டிவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு நடந்தார். இதுகளுக்கெல்லாம் புத்தகத்தின் அருமை எங்கே தெரியப் போகிறது என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஆனால் லயத்தில் சத்தமே இல்லை. தூறலுக்கு ஒதுங்கி, சுவரோரமாகப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு பேர். ஒவ்வொரு மடியிலும் சில தாள்கள், பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்துக் கறுப்பு நூலால் தைத்தவை. மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது.

"ஆறாவது பாகம் முடிச்சிட்டியா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"இருலா, இன்னும் ஒரு பக்கம்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

நவமணி திரும்பி நின்றாள். "பெத்தவங்க கையெழுத்துப் போட்டாத்தான் புத்தகம்னு சட்டம் போட்டது நீங்க. இந்த லயத்துல கைநாட்டு வைக்காதவ நான் ஒருத்திதான். ஒரே புத்தகம், ஒரே வாரம், பதினாலு பிள்ளைங்க. வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"கைநாட்டு வைக்கிறவங்க எல்லாரும் அங்கதானே உக்காந்திருந்தாங்க. அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்லுவேன்?"

அதற்குள் அந்தச் சிறுமி அமிர்தலிங்கத்திடம் ஓடி வந்தாள்.

"ஐயா, படகு கரைக்கு வந்துருச்சா? கடைசிப் பாகம் எனக்கு இன்னும் வரல."

அந்தப் புத்தகத்தின் வரிசை எண் அவருக்குத் தெரியும். எந்தத் தட்டில் எத்தனையாவதாக இருந்தது என்பதும் தெரியும். படகு கரைக்கு வந்ததா என்று தெரியவில்லை.

"நீங்க படிக்கலையா?" என்றாள் சிறுமி. அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

தாள்களைக் கேட்காமலேயே திரும்பினார்.

அடுத்த ஞாயிறு, மண்டபம் திறக்குமுன்னே லயத்துக்கு வந்துவிட்டார். சட்டைக்குள் மழைக்கு மறைத்துக் கொண்டுவந்த வேறொரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். நவமணி கை நீட்டவில்லை.

"என் பேரைத்தான் அடிச்சிட்டீங்களே?"

"தலைவர் கேட்டா நான் பேசிக்கிறேன். வேணும்னா என் பேரையும் அடிக்கட்டும்."

அவள் வாங்கிப் புரட்டினாள். அங்கங்கே பென்சில் கோடுகள், பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று பாக எண்கள். இடையிடையே அவர் கையெழுத்தில் சில தாள்கள் செருகியிருந்தன.

"முழுசும் படிச்சிட்டேன்" என்றார் அமிர்தலிங்கம், கொஞ்சம் வெட்கத்தோடு. "சில இடத்துல ஒரு பாகம் முடியிற தாளோட பின்பக்கத்துலேயே அடுத்த பாகம் ஆரம்பிக்குது. அதையெல்லாம் கையால எழுதி வச்சிருக்கேன். நீ தாராளமா கிழிக்கலாம்."