மாமனாரின் பிடிவாதம்

"டப்பாப் பாலா? என் பேத்திக்கா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காதும்மா."

மாமனார் குழந்தையை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்தபடி ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மருமகள் பால் பவுடர் டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளெல்லாம் பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு வந்தவளுக்கு நாற்காலியைக் கண்டாலே அலுப்பு. ஆனால் நிற்கவும் தெம்பில்லை.

"சரி மாமா, பவுடர் வேண்டாம். டாக்டர் இன்னொரு வழியும் சொன்னாங்க. அஞ்சரை மாசம் ஆச்சு, தலை நல்லா நின்னுடுச்சு, நாம சாப்பிட்டா நம்ம வாயையே பாக்கறா. பழத்தை மசிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பாக்கலாமாம். ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னுட்டாங்க."

"தொண்டையில சிக்கினா டாக்டரா வந்து எடுப்பாங்க? ஆறு மாசம் முடியட்டும்."

"அது வரைக்கும் என்ன பண்றது? நான் எடுத்து வெச்சிட்டுப் போற ரெண்டு பாட்டிலும் மத்தியானத்தோட தீர்ந்துடுது. அதுக்கு மேல எனக்கு ஊறல மாமா. குழந்தைக்கு எடையும் ஏறல."

இதைப் போய் மாமனாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லியும் மனுஷர் இறங்கி வரவில்லையே என்று கோபமாகவும் இருந்தது. மாமியார் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். கணவனோ மதில் மேல் பூனை. லாரியில் எங்கேயோ போய்க்கொண்டே, "அப்பா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்பான். அதோடு அவனுக்கு சிக்னல் கிடைக்காமல் போய்விடும்.

"அதான் நானே தூக்கிட்டு வரேனே உன் கவுண்டருக்கு?" என்றார் மாமனார்.

அதுவும் உண்மைதான். கொஞ்ச நாளாக மூன்று மணி வெயிலில் பேத்தியை மார்போடு சேர்த்துக்கொண்டு பஸ் நிலையத்தின் பின்வாசலில் வந்து நிற்கிறார். அவள் கவுண்டரைச் சாத்திவிட்டு ஓடுவாள். வரிசையில் நிற்பவர்கள் கண்ணாடியைத் தட்டித் திட்டுவார்கள்.

"நேத்து மேனேஜர் கூப்பிட்டு விட்டார் மாமா. இன்னொரு தடவை கவுண்டரைச் சாத்தினா வேலைக்கே வர வேண்டாமாம்."

அவர் குழந்தையோடு நடந்துகொண்டே இருந்தார். அவர் குணம் அவளுக்குத் தெரியாததா? அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து ரிட்டையரான பிறகு, பட்டன் வைத்த சட்டை இனி எதற்கு என்று பனியனோடு திரிகிறவர். டீ கொடுத்தால் கையில் வாங்கமாட்டார், "வெச்சிட்டுப் போம்மா, ஆறட்டும்" என்பார். அப்படிப்பட்டவரிடம் வாதாடி யார் ஜெயிக்க முடியும்? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"அப்ப ஒரே வழிதான் மாமா. திங்கக்கிழமையிலேர்ந்து இவளைக் காப்பகத்துல விட்டுடறேன். நாம சொல்றதை அவங்க கொடுப்பாங்க."

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். குழந்தை அவருடைய பனியனைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துச் சப்பியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காப்பகமெல்லாம் எதுக்கும்மா?" என்றார் கடைசியில். குரல் அடியோடு இறங்கியிருந்தது. "டப்பாப் பாலே கொடுக்கலாம். நான் கலந்துக்கறேன்."

"சரியா அளந்து போடணும் மாமா. கூடக் குறைய ஆனா வயித்துக்கு ஆகாது."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?"

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. காப்பகம் என்ற சொல்லை எடுத்திருக்க வேண்டாமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கவுண்டரில் மனம் ஒட்டவில்லை. மூன்று மணிக்குப் பின்வாசலை எட்டிப் பார்த்தாள். அவர் வரவில்லை. நிம்மதி வருவதற்குப் பதிலாகப் பயம் வந்தது. வீம்புக்குக் குழந்தையைப் பட்டினி போட்டுவிட்டால்? தலைவலி என்று சொல்லிப் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறக்கும்போதே அழுகைச் சத்தம். தொட்டிலில் குழந்தை முகம் சிவக்கக் கதறிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து மட்டும் டக் டக் டக் என்று விடாமல் ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது. பிள்ளை இப்படி அழும்போது அங்கே என்ன தட்டிக்கொண்டிருக்கிறார்? அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கொடுக்கலையா மாமா? அப்படி என்ன பிடிவாதம் உங்களுக்கு?"

கேட்டுக்கொண்டே போனவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேடை முழுக்கப் பவுடர் கொட்டிக் கிடந்தது. மாமனாரின் வலது கையில் இருந்த ஸ்பூன் பாட்டிலின் வாயில் மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தார். இப்போது இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின.

"சொன்னா இவளை என் கையில விடமாட்டீங்கன்னு பயம்மா எனக்கு" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "பவுடருக்கும் ஸ்பூன் பிடிக்கணும், பழத்துக்கும் ஸ்பூன் பிடிக்கணும். தாய்ப்பாலுக்கு மட்டும்தானே அது வேண்டியதில்ல."