தலைவரின் முடிவை எதிர்த்து

பேச வாய்ப்புக் கேட்டு மறுபடியும் அட்டையைத் தூக்கினேன்.

மேடையில் இருந்த தலைவரின் கண் என் வரிசை வரைக்கும் வந்தது. என்னைத் தாண்டிப் போய், எனக்குப் பின்னால் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தவனிடம் நின்றது. அவன் வாய்ப்பே கேட்கவில்லை. கையைத் தூக்கி உடம்பை நெளித்தான், அவ்வளவுதான். ஆனாலும் தலைவர் அழைத்ததும் எழுந்து போய் எதையோ உளறிவிட்டு வந்தான். கைதட்டல் வேறு.

எனக்கு வந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

மாணவர்களுக்கான மாதிரி ஐ.நா. கூட்டம். எனக்கு இதுதான் முதல் தடவை. ஆளுக்கொரு நாட்டின் சார்பில் பேச வேண்டும். எனக்கு விழுந்தது நடுக்கடலில் ஒரு குட்டித் தீவு. வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் நாடே மறைந்துவிடும்.

விவாதம் எதைப் பற்றி என்கிறீர்கள்? உயரும் கடல் மட்டத்தைப் பற்றி!

கடலே இல்லாத நாடுகள் எல்லாம் பேசி முடித்துவிட்டன. மலை உச்சியில் இருக்கும் நாடு இரண்டு தடவை பேசிவிட்டது. மூழ்கப்போகிற நான் மட்டும் அட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு திருத்தம். நிலம் மூழ்கினாலும் நாடு நாடாகவே இருக்கும், அதன் மக்கள் எங்கே போய்க் குடியேறினாலும் அந்த நாட்டுக் குடிமக்கள்தான் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்காக வாரக்கணக்கில் படித்திருந்தேன். குளியலறையில்கூடப் பேசிப் பார்த்திருந்தேன்.

எங்களை அழைத்து வந்த டீச்சர் வேறு கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு தடவைகூட வாயைத் திறக்காமல் திரும்புகிறவளுக்கு அடுத்த கூட்டத்தில் இடம் கிடையாது.

பக்கத்து இருக்கைக்காரன் ஒரு பெரிய வல்லரசு. பிஸ்கட் தின்றபடியே வல்லரசாக இருந்தான். என் பக்கம் குனிந்தான்.

"ஏங்க, தலைவருக்கு உங்களைக் கண்டாலே ஆகாதா?"

"அப்படித்தான் போல," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

தலைவர் கல்லூரி மாணவி. கறுப்புக் கோட்டு, இறுக்கிக் கட்டிய கொண்டை, சிரிப்பே இல்லாத முகம். ரொம்ப நியாயமானவர் என்று பெயர். அந்த நியாயம் என் நாற்காலிக்கு மட்டும் எட்டவில்லை.

சுத்தியலைத் தட்டினார். விவாதம் முடிந்தது, அடுத்து வாக்கெடுப்பு என்று அறிவித்தார்.

விடுவேனா? எழுந்துவிட்டேன்.

விதிமுறைப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்த கிறுக்கு அந்த அறையில் நான் ஒருத்திதான்.

"தலைவரின் முடிவை எதிர்த்து இந்த அவையிடம் முறையிடுகிறேன். கேட்டும் வாய்ப்புக் கிடைக்காத நாடு ஒன்று இருக்கும்போது விவாதத்தை முடிக்கக் கூடாது."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நேற்று வந்த பெண் தலைவரையே எதிர்க்கிறாளே என்று வாயைப் பிளந்தார்கள். தலைவரின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதானே. முறையீடு வந்துவிட்டால் அவைதான் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். மூன்றில் இரண்டு பங்குப் பேர் என் பக்கம் வர வேண்டும்.

ஆதரிப்பவர்கள் யார் என்று கேட்டார்.

ஒரு கையும் எழவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

முதலில் எழுந்தது வல்லரசின் கை, பிஸ்கட்டோடு. அப்புறம் மலை நாடு. அப்புறம் சோம்பல் முறித்தவன், இந்தத் தடவை நிஜமாகவே. பிறகு வரிசை வரிசையாகக் கைகள்.

தலைவர் எண்ணினார். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். தீவின் பிரதிநிதி ஒரு நிமிடம் பேசலாம் என்றார்.

மேடைக்குப் போனேன். மைக் என் நெற்றிக்கு மேலே நின்றது. தலைவர் இருக்கையை விட்டு இறங்கி வந்தார். நான் கேட்காமலே, சரியாக என் வாய் உயரத்துக்கு அதை இறக்கி வைத்தார். அப்படியே என் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்குடி. அம்மாகிட்டயே சொல்றேன்."

"தாராளமா சொல்லுக்கா," என்றேன்.

காலையிலிருந்து நாங்கள் இருவரும் தெரிந்தவர்களாகவே காட்டிக்கொள்ளவில்லை. தங்கச்சிக்குச் சலுகை என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது, அவளுக்கு அதுதான் பயம். எனக்கும்தான். இனி எவரும் அப்படிச் சொல்ல முடியாது.

பேசினேன். நிமிடம் முடிந்ததும் டக்கென்று சுத்தியலைத் தட்டினாள். சொந்த அக்கா, ஒரு நொடி கூடுதலாகத் தரவில்லை.

அதற்குள் நான் முடித்திருந்தேன்.