கிரைண்டரில் வந்த வரன்

வீட்டிலுள்ள ஸ்மார்ட் கருவிகளில் ஒன்றில் தொடங்கிய பேச்சு அறுபடாமல் பக்கத்துக் கருவிக்குத் தாவ வேண்டும் என்று வடிவமைத்தவளே பூங்கோதைதான். தன்னைக் காதலிக்கும் செழியனுக்குத் தலையாட்ட அவளுக்கு ஆசை. அம்மாவிடம் சொல்லத்தான் பயம். அன்று மொட்டைமாடியில் கைக்கடிகாரம் வழியாக அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது அதில் சார்ஜ் தீர்ந்துபோனது. அவன் குரல் சமையலறைக் கிரைண்டருக்குத் தாவியது.

“சொல்லு கோதை, என்னைக் கட்டிக்கிறியா?”

பூங்கோதை விழுந்தடித்து இறங்கி வந்தாள். அம்மா மாவுக் கையோடு கிரைண்டர் பக்கம் குனிந்திருந்தாள்.

“யாரு தம்பி நீங்க?”

“செ... செழியன், ஆன்ட்டி. கோதைகிட்டதான் கேட்டேன். ஒரு வருஷமா கேக்குறேன்.”

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“இவ வாயத் திறக்குறதுக்குள்ள மாவே புளிச்சிடும் தம்பி. காலையில அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு இட்லி சாப்பிட வந்துடுங்க.”