கன்றும் புட்டிப்பாலும்

தாய்ப்பசுவுக்கு மடிநோய். அதனால் கன்றுக்குப் புட்டிப்பால்தான் என்றாகிவிட்டது. கன்றோ, “ரப்பர் நாறுது, எனக்கு வேண்டாம்” என்று வாயை இறுக்கிக்கொண்டது. இரண்டு வேளைப் பட்டினியில் வயிறு ஒட்டிப்போயும் வீம்பு குறையவில்லை.

கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போன புட்டி, அந்தப் பக்கம் வந்த ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டு, “நீயாவது குடியேன்டா” என்றது.

ஆட்டுக்குட்டி ஒரு வாய்தான் உறிஞ்சியிருக்கும். கன்று பாய்ந்துவந்து அதை முட்டித் தள்ளியது. வாலைத் தூக்கிக்கொண்டு மொத்தப் பாலையும் குடித்துத் தீர்த்தது.

“எப்படி இருந்தது?” என்று கேட்டது புட்டி.

“தேன் மாதிரி!”

மறுநாள் புட்டி சுடச்சுடப் பாலோடு வந்தது. கன்று அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் வேலிப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

“ஆறிடப்போகுது, குடி.”

“கொஞ்சம் பொறு. அந்த ஆட்டுக்குட்டி வந்து வாய் வைக்கட்டும்.”